காட்டு மான்களின் ரத்த வேதியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் வனக் கால்நடை மருத்துவர்களுக்கும், காட்டுயிர் ஆய்வு மாணவர்களுக்கும், மாதிரி எடுக்கும்போது கூட நிற்கும் வனப் பணியாளர்களுக்கும் உரியது. நம் காடுகளின் புள்ளிமானையும் கடமானையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். ஆனால் மான் ரத்தத்தில் அதிகம் ஆராயப்பட்டது வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான்தான். தேவைப்படும் இடத்தில் அங்கிருந்தும் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு மானின் ரத்தத்தைப் பார்த்தே அது நலமாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாமா?

ஒற்றை மானில், ஒற்றை முறை எடுத்த ரத்தத்தில், பெரும்பாலும் முடியாது. மானின் ரத்தம் முதலில் சொல்வது கடைசி அரை மணி நேரத்தில் அதற்கு என்ன நடந்தது என்பதை: எவ்வளவு துரத்தினீர்கள், எந்த மருந்து கொடுத்தீர்கள், எவ்வளவு நேரம் பிடித்து வைத்தீர்கள். அதற்கு அடியில் கடந்த சில நாட்களின் தீனி தெரியும். அதற்கும் அடியில்தான் நோயும் உடல்நிலையும். மேலே இருக்கும் இரண்டையும் கழிக்காமல் மூன்றாவதைப் படிக்க முயல்வதே இந்தத் துறையில் வரும் பெரும்பாலான தவறான முடிவுகளுக்குக் காரணம்.

மந்தை அளவில் கதை வேறு. ஒரே முறையில் பிடித்து, ஒரே பருவத்தில் எடுத்த பல மான்களின் மாதிரிகளை ஒப்பிட்டால் எந்தக் காட்டில் தீனி குறைந்திருக்கிறது என்பது நன்றாகவே தெரியும். மினசோட்டாவின் நான்கு வெள்ளைவால் மான் கூட்டங்களை ரத்த அளவீடுகளால் ஒப்பிட்டு, வாழிடங்களின் வேறுபாட்டை யூலிசஸ் சீல் குழுவினர் 1978-லேயே காட்டியிருக்கிறார்கள்.

எந்த அளவீடு எவ்வளவு காலத்துச் செய்தியைச் சொல்லும்?

நிமிடக் கணக்கில் மாறுபவை: அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால், குளுக்கோஸ், லாக்டேட், கொழுப்பு அமிலங்கள், ரத்த அணுக்களின் கன அளவு எனப்படும் பிசிவி. மணிக்கணக்கில் மாறுபவை: பொட்டாசியம், தசையிலிருந்து கசியும் சிகே நொதி. யூரியா ஓரிரு நாட்களின் தீனியைக் காட்டும். அல்புமின் வாரக் கணக்கில்தான் நகரும். அது குறைந்திருந்தால் பட்டினியோ, குடற்புழுவோ, ஈரல் அல்லது சிறுநீரகக் கோளாறோ சில வாரங்களாகவே இருந்திருக்க வேண்டும். குளோபுலின் கூடியிருந்தால் நாள்பட்ட தொற்றையோ ஒட்டுண்ணியையோ நினைக்கலாம். தாமிரம் போன்றவை மாதக் கணக்கு. மான் நலத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பட்டியலின் பின்பாதிதான் பயன்படும். ஆய்வறிக்கைகளில் பக்கம் பக்கமாக வருவதோ முன்பாதி.

ரத்தம் எடுக்க அனுமதி தேவையா?

கட்டாயம் தேவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி பிடிப்பதும் ‘வேட்டை’ என்ற சொல்லின் பொருளுக்குள் அடக்கம். ஆய்வுக்கோ அறிவியல் மேலாண்மைக்கோ பிடிப்பதானால் பிரிவு 12-ன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ரத்தத்துக்காக மட்டும் மானைப் பிடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இடமாற்றம், கழுத்துப்பட்டை பொருத்துதல், கிணற்றில் விழுந்ததை மீட்டல், காயத்துக்குச் சிகிச்சை என்று வேறு காரணத்துக்காகக் கையில் வந்த மானிடமிருந்து எடுத்துக்கொள்வதே முறை.

பிடிக்கும் முறை ரத்தத்தை எப்படி மாற்றும்?

ஒரே மானை இரண்டு விதமாகப் பிடித்தால் இரண்டு மான்களின் அறிக்கை வரும்.

வலையிலோ போமாவிலோ மருந்தில்லாமல் பிடித்த மானில் அட்ரினலின் பாய்ந்து மண்ணீரல் சுருங்கும். அங்கே தங்கியிருந்த சிவப்பணுக்கள் ஓட்டத்தில் கலக்கும். பிசிவியும் ஹீமோகுளோபினும் சட்டென்று ஏறும். குளுக்கோஸ், லாக்டேட், கார்ட்டிசால் மூன்றும் கூடவே ஏறும். இந்த மானுக்கு ரத்தசோகை இருந்தாலும் மறைந்துவிடலாம். போமா என்பது புனல் வடிவில் மறைப்புக் கட்டி, மந்தையை மெல்ல ஓட்டி வண்டியில் ஏற்றும் ஆப்பிரிக்க முறை. மத்தியப் பிரதேசத்தில் கான்ஹா உள்ளிட்ட இடங்களில் புள்ளிமான்களை இடம் மாற்ற இதைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் வண்டியில் ஏற்றிய பிறகு ரத்தம் எடுக்கத் தனியாக ஒவ்வொன்றையும் மடக்கினால் அதன் பயனெல்லாம் போய்விடும்.

சைலசின் கலந்த மயக்க ஊசியில் பிடித்தால் நிலைமை தலைகீழ். மண்ணீரல் தளர்ந்து சிவப்பணுக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிசிவி இறங்கும், மொத்தப் புரதமும் சற்று இறங்கும். சைலசின் இன்சுலின் சுரப்பை அடக்குவதால் குளுக்கோஸ் மட்டும் ஏறும். இந்தியாவில் பரவலாகப் புழங்கும் ஹெல்லாபிரூன் கலவையில், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் சைலசினும் 100 மில்லிகிராம் கெட்டமினும் கொண்ட கலவையில், இந்த விளைவு நிச்சயம் இருக்கும். ஊசி பட்ட தசையே சிதைவதால் சிகேயும் கொஞ்சம் கூடும்.

ஆகவே வலையில் பிடித்த மான்களையும் மயக்க ஊசியில் பிடித்த மான்களையும் ஒரே அட்டவணையில் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். அந்தச் சராசரி எந்த மானுக்கும் பொருந்தாது.

ரத்தம் எங்கிருந்து, எவ்வளவு, எப்படி எடுப்பது?

கழுத்துச் சிரை முதல் தேர்வு. மான் நெஞ்சின் மேல் படுத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் கிடந்தால், அதுவும் சைலசின் கொடுத்திருந்தால், முதல் வயிற்றில் வாயு சேர்ந்து வயிறு உப்பும், அசைபோட்ட தீனி மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். தலையை உயர்த்தி, மூக்கு தாழ்ந்திருக்கப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டுங்கள், யாரும் பேச வேண்டாம்.

கழுத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் கட்டைவிரலால் பள்ளத்தை அழுத்தினால் மேலே சிரை புடைக்கும். ரோமத்தை ஸ்பிரிட்டால் நனைத்து ஒதுக்கினாலே போதும், மழிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் அணுக்கள் உடையும். வளர்ந்த மானுக்கு 18 அல்லது 20 கேஜ் ஊசி, குட்டிக்கு 21. பத்து மில்லிலிட்டர் சிரிஞ்சை மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் சிரை ஒட்டிக்கொள்ளும், அணுக்களும் உடையும். கழுத்தில் காயமோ வீக்கமோ இருந்தால் பின்னங்காலின் வெளிப்பக்கச் சிரையைப் பார்க்கலாம். மெல்லியது, சீக்கிரம் நழுவும். ஊசியை எடுத்ததும் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. உடல் எடையில் சுமார் 7 முதல் 8 சதவீதம் ரத்தம். 45 கிலோ பெட்டை மானில் மூன்று லிட்டருக்கு மேல் இருக்கும். அதில் 20 மில்லிலிட்டர் ஒரு பொருட்டே அல்ல. நலமான மானில் மொத்த ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. மெலிந்த மானிலும் சிறு குட்டியிலும் அதில் பாதியோடு நிறுத்துங்கள்.

நேரம்தான் கவலைக்குரியது. மான் கையில் வந்த நிமிடத்திலிருந்து ரத்தம் எடுத்த நிமிடம் வரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கார்ட்டிசால் மூன்று நிமிடத்துக்குள் ஏறத் தொடங்கிவிடும், அதனால் பிடித்த மானில் ‘அமைதி நிலை கார்ட்டிசால்’ என்று ஒன்றை அளக்க நினைப்பதில் பொருளில்லை. வேலையை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மலக்குடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மாதிரியை மறந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், மாற்று மருந்து கொடுத்து எழுப்புங்கள்.

எந்தக் குழாயில் எடுப்பது?

சிவப்பு மூடிக் குழாய் சீரத்துக்கு. வேதியியல் அளவீடுகளில் பெரும்பகுதி இதிலிருந்துதான். பச்சை மூடி ஹெப்பரின் பிளாஸ்மாவுக்கு. ரத்தம் உறையும்வரை காத்திருக்க நேரமில்லாதபோது கை கொடுக்கும். ஊதா மூடி இடிடிஏ அணு எண்ணிக்கைக்கு மட்டும். சாம்பல் மூடி ஃபுளூரைடு குளுக்கோஸுக்கும் லாக்டேட்டுக்கும். நிரப்பும் வரிசையும் இதேதான்: சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? ஊதாக் குழாயின் விளிம்பைத் தொட்ட சிரிஞ்சால் சிவப்பை நிரப்பினால் பொட்டாசியம் இடிடிஏ ஒட்டிக்கொண்டு வரும். அறிக்கையில் கால்சியம் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்ந்து, பொட்டாசியம் உயிரோடு இருக்க முடியாத அளவுக்கு ஏறி, ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதியும் குறைந்து இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மானில் நோயைத் தேடாதீர்கள், குழாயில்தான் கோளாறு.

காட்டில் சென்டிரிஃபியூஜ் இல்லை. என்ன செய்வது?

சிவப்புக் குழாயை நிழலில், நேராக நிறுத்தி, 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். உறைவதற்கு முன்பே பனிக்கட்டியில் வைத்தால் உறைதல் தாமதமாகும், ஃபைப்ரின் இழைகள் கருவியை அடைக்கும். உறைந்த பிறகு 3,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சுழற்ற வேண்டும். ஜீப் பேட்டரியில் ஓடும் சிறிய சென்டிரிஃபியூஜ்கள் கிடைக்கின்றன, வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதுவும் இல்லையென்றால் கட்டி தானாகச் சுருங்கி மேலே சீரம் தெளிந்து நிற்கும். அதைத் துளிப்பானால் மெல்ல எடுத்து வேறு குப்பிக்கு மாற்றுங்கள். மகசூல் குறையும், ஆனால் கட்டியோடு சேர்த்து மலைப்பாதையில் குலுக்கிக் கொண்டுவருவதைவிட மேல்.

சீரத்தை அணுக்களிலிருந்து பிரிப்பதே முக்கியம். பிரிக்காமல் விட்டால் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். பொதுக் கணக்காக மணிக்கு 5 முதல் 10 சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் வேகம். பொட்டாசியமும் பாஸ்பரஸும் அணுக்களிலிருந்து வெளியே கசியும். பிரித்த சீரத்தை அன்றே அளக்க முடிந்தால் 4 டிகிரியில் வைத்தால் போதும். நாட்கள் ஆகுமென்றால் −20, நொதிகளும் ஹார்மோன்களும் வேண்டுமென்றால் −80 அல்லது திரவ நைட்ரஜன். வீட்டு உபயோக ஃப்ரீசர்கள் பனியை உருக்கத் தானாகச் சூடேறி இறங்குபவை, மாதிரிக்கு ஆகாது. ஒவ்வொரு மாதிரியையும் அரை மில்லிலிட்டர் குப்பிகளாகப் பிரித்து வைத்தால் மறுபடி மறுபடி உருக்க வேண்டியிராது.

முழு ரத்தத்தை ஒருபோதும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

சீரம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. பயன்படுத்தலாமா?

சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. மெல்லிய ஊசி, வேக இழுப்பு, ஊசியைக் கழற்றாமல் குழாய்க்குள் பீய்ச்சியது, குலுக்கியது, வெயில் என்று காரணம் பெரும்பாலும் நம் கையில்தான். பொட்டாசியம், பாஸ்பரஸ், எல்டிஎச், ஏஎஸ்டி, சிகே என்ற நொதிகள் ஆகியவை பொய்யாக ஏறியிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். யூரியா, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு), மொத்தப் புரதம் ஆகியவை வெளிர் சிவப்புவரை தாங்கும். செந்திராட்சைச் சாறு நிறத்துக்கு வந்துவிட்டால் எதையும் நம்ப வேண்டாம். சிறுநீரும் அதே நேரத்தில் கருஞ்சிவப்பாக இருந்தால் மட்டும், ரத்த ஒட்டுண்ணியா, தசைச் சிதைவா என்று மானைப் பாருங்கள்.

யூரியாவை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

தீனியின் தரத்தைப் பற்றி ரத்தத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த ஒற்றைச் செய்தி அதுதான் என்பதால். அது மட்டுமல்ல, பிடித்த முதல் அரை மணி நேரத்தின் கலவரத்தால் அதிகம் அசையாத அளவீடுகளில் இதுவும் ஒன்று.

மான் தின்ற புரதத்தை முதல் வயிற்றின் நுண்ணுயிர்கள் உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்டப் பயன்படுத்தியது போக மீந்த அம்மோனியா ரத்தத்தில் ஏறி, ஈரலில் யூரியாவாகிறது. புரதம் குறைந்தால் மானின் சிறுநீரகம் யூரியாவை வெளியே விடாமல் பிடித்து, உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் நுண்ணுயிர்களுக்குத் திருப்பி அனுப்பும். அதனால் கோடையில் காய்ந்த புல்லை மேய்ந்த மானின் யூரியா இறங்கும். புல்லில் கச்சாப் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்களே பட்டினி. வயிறு நிறைய மேய்ந்தாலும் செரிமானம் நடக்காது. முதுமலை, மசினகுடிப் பக்கத்தில் பிப்ரவரி முதல் மழை பிடிக்கும்வரை காய்ந்த புல் இந்த அளவுக்குக் கீழே போவது வழக்கம்.

இதுவரை எளிது. ‘யூரியா கூடினால் நல்ல தீனி’ என்று அத்தோடு முடித்துவிடுவதுதான் தவறு. யூரியா ஏற நான்கு வழிகளாவது உண்டு.

முதலாவது, உண்மையிலேயே புரதம் மிக்க தீனி: முதல் மழைக்குப் பின் வரும் இளம்புல், காட்டோரத் தட்டைப்பயறு, நிலக்கடலை வயல். இரண்டாவது, புரதம் இருந்தும் மாவுச்சத்தும் சர்க்கரையும் போதாத தீனி. நுண்ணுயிர்களுக்கு வேலை செய்ய ஆற்றல் இல்லாததால் அம்மோனியா வீணாகி யூரியா ஆகும். மூன்றாவது, முற்றிய பட்டினி. முதலில் கொழுப்பு கரையும், அப்போது யூரியா தாழ்வாகவே இருக்கும். கொழுப்பு தீர்ந்ததும் மான் தன் தசையையே எரிக்கத் தொடங்கும், யூரியா செங்குத்தாக ஏறும். நான்காவது, நீரிழப்பும் சிறுநீரகக் கோளாறும்.

ஆக, செழித்த மானும் சாகப்போகும் மானும் ஒரே எண்ணைக் காட்டலாம். பிரித்தறிய மூன்றைச் சேர்த்துப் பாருங்கள். கிரியேட்டினினும் ஏறியிருந்தால் நீரிழப்பு அல்லது சிறுநீரகம். மொத்தப் புரதமும் சோடியமும் கூடவே ஏறியிருந்தால் நீரிழப்பு என்பது உறுதிப்படும். கிரியேட்டினின் இயல்பாக இருந்து யூரியா மட்டும் ஏறியிருந்தால், மானின் முதுகைத் தடவிப் பாருங்கள். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் விரலில் குத்தினால் தசை எரிகிறது. சதைப்பற்றாக இருந்தால் தீனி.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில ஆய்வகங்கள் யூரியாவைத் தரும், சில யூரியா நைட்ரஜனைத் தரும். யூரியா நைட்ரஜனை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா, இரண்டும் மில்லிகிராம்/டெசிலிட்டரில். நல்ல தீனியில் இருக்கும் மான்களில் யூரியா நைட்ரஜன் தோராயமாக 15 முதல் 30 வரை இருக்கும். ஒரு மந்தையே 10-க்குக் கீழே இருந்தால் புரதப் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். அறிக்கையில் மில்லிமோல் என்று இருந்தால், யூரியா நைட்ரஜனை 0.357-ஆல் பெருக்கியதே அந்த எண்.

குளுக்கோஸ்?

அளக்காதீர்கள். துரத்தினால் ஏறும், சைலசின் கொடுத்தால் ஏறும், குழாயில் வைத்தால் இறங்கும். மானின் நலத்தைப் பற்றி இதில் ஒன்றும் மிஞ்சாது. மயக்கத்திலிருந்து எழாத குட்டியில் சர்க்கரை தாழ்ந்துவிட்டதா என்று அந்த நேரத்துச் சிகிச்சைக்காகப் பார்ப்பது வேறு விஷயம்.

கொழுப்பு அமிலங்களும் ஏறக்குறைய இப்படித்தான். கொழுப்பு கரைகிறதா என்று சொல்லக்கூடிய நல்ல அளவீடு, ஆனால் அட்ரினலின் பட்டதும் சில நிமிடங்களில் எகிறிவிடும்.

பிடித்த மான் மறுநாள் செத்துவிட்டது. ரத்தம் முன்கூட்டியே சொல்லியிருக்குமா?

பெரும்பாலும் சொல்லியிருக்கும். பிடிபடும்போது வரும் தசைச் சிதைவான ‘பிடிப்புத் தசைநோய்’ மான்களில் அதிகம். ஓட்டத்திலும் போராட்டத்திலும் தசையில் லாக்டிக் அமிலம் குவிந்து, ரத்தம் அமிலமாகி, தசை நார்கள் சிதையும். உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வந்து இதயத்தைத் தாக்கும். தசைப் புரதமான மயோகுளோபின் சிறுநீரகக் குழல்களை அடைக்கும். உடனே சாகலாம், சில நாட்கள் கழித்தும் சாகலாம், விட்டுவிட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாமலும் சாகலாம்.

பார்க்க வேண்டியது சிகேயும் ஏஎஸ்டியும் சேர்ந்து. சிகே சில மணி நேரத்தில் ஏறி, ஒரு நாளுக்குள் உச்சம் தொட்டு, வேகமாக இறங்கும். ஏஎஸ்டி மெதுவாக ஏறி நாள்கணக்கில் நிற்கும். சிகே மட்டும் ஏறியிருந்தால் சேதம் புதியது. இரண்டும் உச்சத்தில் இருந்தால் சேதம் தொடர்கிறது. சிகே இறங்கி ஏஎஸ்டி மட்டும் நின்றால் சில நாட்களுக்கு முன் நடந்தது. அந்த மானை நாய்கள் துரத்தியிருக்கலாம். ஊசி பட்டதால் வரும் சிகே சில நூறு அலகுகள். பல ஆயிரங்கள் என்று வந்தால்தான் தசைநோய்.

பிடித்தவுடன் எடுத்த ரத்தத்தில் சிகே இயல்பாக இருப்பதால் மான் தப்பித்தது என்று நினைக்காதீர்கள். அப்போது நம்பத்தக்கது கையடக்கக் கருவியில் அளக்கும் லாக்டேட்டும், கருவி இருந்தால் ரத்தத்தின் பிஎச் அளவும்தான். 7.2-க்குக் கீழே பிஎச் இறங்கிய மானுக்குச் சிரை வழி திரவமும், மருத்துவர் முடிவின்படி சோடியம் பைகார்பனேட்டும் உடனே தேவை. மருந்தைவிட முக்கியம் ஒன்று உண்டு: துரத்தலை இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிக்க முடியவில்லையென்றால் அன்றைக்கு அந்த மானை விட்டுவிடுவது.

ஈரல் கோளாறை எதைக் கொண்டு அறிவது?

மனித அறிக்கையில் பழகியவர்கள் ஏஎல்டி நொதியைத் தேடுவார்கள். அசைபோடும் விலங்குகளில் அது ஈரலைக் குறிப்பாகக் காட்டாது. ஏஎஸ்டி தசையிலிருந்தும் வரும். சிகே இயல்பாக இருக்கும்போது ஏஎஸ்டி ஏறியிருந்தால்தான் ஈரலை நினைக்கலாம். ஜிஜிடி, ஜிஎல்டிஎச் என்ற நொதிகள் இரண்டும் மேல். உண்ணிச்செடி புதர்களை வேறு வழியில்லாமல் தின்ற கால்நடைகளில் பித்தம் தேங்கி, பித்த நிறமியான பிலிருபினும் ஜிஜிடியும் ஏறும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும். மான்கள் பொதுவாக அதை ஒதுக்கிவிடும். ஆனால் காது நுனியும் மூக்கும் உரிந்த மானைக் கோடையில் கண்டால் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். வளரும் குட்டியின் எலும்பிலிருந்தும், கொம்பு வளர்கிற ஆணிடமிருந்தும் அது ஏராளமாக வரும். குளிர்நாட்டு மான்களில் எல்லா ஆண்களுக்கும் ஒரே காலத்தில் கொம்பு வளரும், பருவத்தை எழுதினால் போதும். நம் புள்ளிமானிலோ ஒரே மந்தையில் ஒன்று மென்தோல் போர்த்திய கொம்போடும், ஒன்று முற்றிய கொம்போடும், ஒன்று கொம்பு உதிர்த்தும் நிற்கும். அதனால் மாதத்தை எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு ஆணின் கொம்பு நிலையையும் தனித்தனியாக எழுதுங்கள்.

தாமிரம், செலினியம் குறைபாட்டைச் சீரத்தில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் தாமதமாகத்தான் தெரியும். தாமிரம் ஈரலில் சேமிக்கப்படுகிறது. ஈரல் கிட்டத்தட்டக் காலியாகும்வரை சீரத்தின் அளவு இயல்பாகவே நிற்கும். தொற்று இருந்தால் தாமிரம் பொய்யாக ஏறவும் செய்யும். பின்னங்கால் தள்ளாடும் மான்கள் தென்பட்டால் இறந்தவற்றின் ஈரலை அளப்பதே சரி. செலினியத்துக்கு முழு ரத்தம் மேல், அது மாதக் கணக்கைச் சொல்லும். இவற்றை எடுக்கும்போது சாதாரண ரப்பர் மூடிக் குழாய் கூடாது, துத்தநாகம் கசியும். தடயத் தனிமங்களுக்கென்று கருநீல மூடிக் குழாய் இருக்கிறது.

மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுத்தால் போதுமா?

வேதியியலுக்குப் போதும். யூரியா, கிரியேட்டினின், புரதம், நொதிகள் எல்லாம் அதே வேதிவினைகள்தான். குழாயில் ‘மான்’ என்று எழுதிக் கொடுங்கள். அறிக்கையில் அச்சாகும் இயல்பு வரம்பும், அதைத் தாண்டியதற்கான நட்சத்திரக் குறியும் மனிதருக்கானவை, அவற்றைப் புறக்கணியுங்கள்.

அணு எண்ணிக்கைக்கு அந்த இயந்திரம் ஆகாது. மனிதச் சிவப்பணு சுமார் 90 ஃபெம்டோலிட்டர். மான்களுடையது அதில் பாதியைக்கூட எட்டாது. மனித அமைப்பில் ஓடும் இயந்திரம் சிறிய சிவப்பணுக்களைத் தட்டணுக்களோடு குழப்பிக்கொள்ளும். கால்நடை அமைப்புள்ள இயந்திரம் இல்லையென்றால் பிசிவியை நுண்குழாயில் சுழற்றிப் படியுங்கள். சிறிய அணுக்கள் இறுகப் படிய நேரமாகும் என்பதால் 5 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடம் ஓட்டுங்கள்.

இரத்தப் பூச்சைப் பார்த்த ஆய்வகத்தார் ‘அரிவாள் அணு நோய்’ என்று எழுதிக் கொடுத்தால் திகைக்க வேண்டாம். மான்களின் சிவப்பணு உடலுக்கு வெளியே, பிராணவாயுவும் காரத்தன்மையும் கூடும்போது, அரிவாள் போல வளையும். ஜார்ஜ் கல்லிவர் இதை 1840-லேயே பார்த்து எழுதிவிட்டார். மனிதரில் அரிவாள் அணுவை ஜேம்ஸ் ஹெரிக் விவரித்தது 1910-ல்தான். மனித அணு பிராணவாயு குறையும்போது வளைவது, மானின் அணு அது நிறையும்போது வளைவது. மானுக்கு இதனால் கேடு எதுவும் தெரியவில்லை.

‘இயல்பு’ வரம்பை எங்கே தேடுவது?

உங்கள் காட்டில், உங்கள் முறையில், நீங்களே உண்டாக்குவதுதான் சிறந்தது. கால்நடை நோயறிதல் துறையின் நெறிமுறைப்படி, முறையான வரம்புக்கு 120 நலமான விலங்குகள் வேண்டும். 40 இருந்தால் புள்ளியியல் உத்திகளோடு சமாளிக்கலாம். 20-க்குக் கீழே வரம்பு என்று எதையும் அறிவிக்கக் கூடாது. எடுத்த எண்களை அப்படியே அட்டவணையாகக் கொடுங்கள். உயிரியல் பூங்காக்களின் தொகுப்பு வரம்புகள் கிடைக்கின்றன, ஆனால் அங்கே தீவனம் வேறு, மயக்க முறை வேறு. யூரியாவைப் பூங்கா எண்ணோடு ஒப்பிட்டால் காட்டு மான்கள் எல்லாமே பட்டினி என்று வரும்.

பிளாஸ்டிக் தின்ற மானை ரத்தத்தில் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவையும் ஐஐடி வளாகத்தையும் பற்றி இது அடிக்கடி கேட்கப்படுகிறது. இறந்த புள்ளிமான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது அங்கே பலமுறை செய்தியாகியிருக்கிறது. பிளாஸ்டிக்குக்கென்று ரத்தத்தில் அடையாளம் எதுவுமில்லை. வயிறு அடைபட்டுத் தீனி குறைந்த பிறகு அல்புமின் மெல்ல இறங்கும், அடைப்பு முற்றினால் குளோரைடு குறையலாம். இவை வேறு பத்துக் காரணங்களாலும் வரும். உடற்கூறாய்வே வழி. எஞ்சிய சோற்றையும் மாவுப் பண்டங்களையும் தின்று வயிறு அமிலமான மான் வேறு: அதில் ரத்த லாக்டேட் ஏறும், பிஎச் இறங்கும், நீரிழப்பு தெரியும்.

சாலையில் அடிபட்டு இறந்த மானிலிருந்து ஏதாவது பெறலாமா?

ரத்தத்தில் கொஞ்சமே. இதய அறையில் கிடைக்கும் ரத்தத்தில் சில மணி நேரம்வரை யூரியாவை ஓரளவு நம்பலாம். பொட்டாசியம், குளுக்கோஸ், நொதிகள் அனைத்தும் வீண். கண்ணின் உள்திரவம் மேலானது. ஒரு நாள் வரைகூட யூரியாவும் கிரியேட்டினினும் அதில் நிலையாக இருக்கும். 20 கேஜ் ஊசியைக் கண்ணின் வெளியோரத்திலிருந்து செலுத்தி மெதுவாக இழுங்கள். கூடவே தொடையெலும்பு மஜ்ஜையைப் பாருங்கள்: வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் கொழுப்பு இருந்தது, சிவந்து கூழாக இருந்தால் பட்டினி. இந்த ஒரு பார்வை பல ரத்த அறிக்கைகளைவிட அதிகம் சொல்லும்.

பிடிக்காமலே அறிய வழி உண்டா?

உண்டு. புதிய புழுக்கையில் நைட்ரஜனை அளந்தால் தீனியின் தரம் தெரியும், கார்ட்டிசால் சிதைவுப் பொருட்களை அளந்தால் கடந்த ஒரு நாளின் அழுத்தம் தெரியும். பனி பெய்யும் நாடுகளில் பனியில் விழுந்த சிறுநீரை அள்ளி, யூரியாவுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தை எடுப்பார்கள். கிளென் டெல்ஜூடிஸ் மினசோட்டாவில் இதைப் பெரிதாக வளர்த்தார். பனி எவ்வளவு கலந்தாலும் விகிதம் மாறாது என்பதுதான் அதன் நுட்பம். நம் மண்ணில் சிறுநீர் இறங்கிப் போய்விடும், இங்கே புழுக்கைதான் கைகொடுக்கும். விழுந்து ஓரிரு மணி நேரத்துக்குள், சாண வண்டுகள் வருமுன் எடுங்கள்.

காசநோய், கருச்சிதைவு நோய் போன்றவை இதில் தெரியுமா?

தெரியாது. குளோபுலின் ஏறியிருப்பது சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவே. எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு அதே சீரத்திலிருந்து ஒரு குப்பியை ஒதுக்கி வையுங்கள்.

மாதிரி எடுப்பவருக்கு ஆபத்து என்ன?

கையுறை, முகமூடி அவசியம். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள், கெட்டியான டப்பாவில் போடுங்கள். மனிதருக்கும் கொடிய எட்டார்ஃபின் வகை மயக்க மருந்து பயன்படுத்தும் குழுவில் மனிதருக்கான மாற்று மருந்து திறந்த பெட்டியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த இன்னொருவரும் இருக்க வேண்டும். உண்ணிகளை மறக்காதீர்கள்: 2012-13-ல் பந்திப்பூர், நீலகிரிப் பகுதிகளில் உண்ணிகள் பரப்பும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் தென்பட்டது. மானின் காதையும் தொடை இடுக்கையும் தொட்ட பிறகு உங்கள் கால்களையும் பாருங்கள்.

பணம் குறைவு. ஒரு மானுக்கு மூன்று அளவீடுதான் முடியும் என்றால்?

யூரியா, கிரியேட்டினின், மொத்தப் புரதம். மூன்றும் ஒரே சீரத்தில், அரை மில்லிலிட்டரில், எந்தச் சிற்றூர் ஆய்வகத்திலும் முடியும். மொத்தப் புரதத்தைக் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரில் காட்டிலேயே பார்த்துவிட்டால் அந்தப் பணத்தில் அல்புமினைச் சேர்க்கலாம். இவற்றோடு காசு செலவாகாத பதிவு ஒன்றும் வேண்டும்: பாலினம், வயது, கொம்பு நிலை, சினை அல்லது பால் கொடுக்கும் நிலை, முதுகைத் தடவிப் போட்ட உடல் மதிப்பெண், பிடித்த முறை, மருந்தும் அளவும், துரத்திய நேரம், ஊசி பட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், வெப்பநிலை, சீரத்தைப் பிரித்த நேரம், அதன் நிறம். பென்சிலால் எழுதுங்கள். ஸ்பிரிட் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.